சனிக்கிழமைக் கட்சிக்காரர்கள்

சென்ற மாதம் எங்கள் வக்கீல் அலுவலகத்தை ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து மேற்கு மாம்பலத்துக்கு மாற்றினோம். பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். புதிய இடம் முதல் மாடியில், கீழே ஒரு மருந்துக்கடை. முகவரிதான் மாறியிருக்கிறது, போன் நம்பரும் நாங்களும் பழையபடியேதான் என்று கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் அம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு, "தங்கள்" என்று நான் எழுதியிருந்த இடத்திலெல்லாம் "உங்கள்" என்று மாற்றச் சொன்னார். புருஷன் பெண்டாட்டி சண்டை, பிள்ளை யாரிடம் வளர்வது, அப்பா விட்டுப்போன வீட்டை அண்ணன் தம்பி எப்படிப் பிரித்துக்கொள்வது என்று மனசு நொந்து வருகிறவர்களிடம் கல்யாணப் பத்திரிகை பாஷையில் பேசக்கூடாது என்பது அவருடைய கருத்து.

முதல் பதில் அயர்லாந்திலிருந்து வந்தது. அங்கே நர்ஸாக இருக்கும் ஸ்டெல்லா அக்கா, "சனிக்கிழமை திறந்திருக்குமா?" என்று கேட்டு, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டிருந்தார். அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஒருமுறை படித்தார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிற சனிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அப்போது நான்காம் வகுப்பு.

அந்த நாளில் அலுவலகம் பெரியப்பாவுடையது. அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர், எங்களோடுதான் இருந்தார். வீட்டின் முன்னறைதான் அலுவலகம். அதற்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள், இந்தப் பக்கம் நாங்கள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்போம். நான் பிறந்த பிறகு சட்டம் படித்த அம்மா, அவரிடமே ஜூனியராகச் சேர்ந்திருந்தார். காலையில் இருவரும் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி கோர்ட்டுக்குப் போவார்கள். பெரியப்பா வாதாடுவார். அம்மா கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பார். ஒரு வழக்கின் காகிதங்களையெல்லாம் சேர்த்து நாடா போட்டுக் கட்டி வைத்தால் அதற்குப் பெயர் கட்டு. கட்சிக்காரர்களுக்குப் பெரியப்பா 'சார்', அம்மா 'அக்கா'. வழக்கைப் பற்றி சாரிடம் கேட்பார்கள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் அக்காவிடம் கேட்பார்கள்.

ஸ்டெல்லா அக்கா சாந்தோம் பக்கத்துக்காரர். கணவர் எலக்ட்ரீஷியன், கல்யாண மண்டபங்களுக்கு லைட் செட் போடுகிறவர். இருவரும் பிரிந்திருந்தார்கள். ஆறு வயது மகன் ஆல்வின் ஸ்டெல்லா அக்காவிடம் இருந்தான். ஒருநாள் அந்த மனிதர் பள்ளிக்கூட வாசலில் நின்று, யாரிடமும் சொல்லாமல் பையனை எண்ணூரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். போலீஸ் போய்த்தான் பையன் திரும்பி வந்தான். அதற்குப் பிறகு அவர் மகனைத் தனியாகப் பார்க்கக்கூடாது, சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் அலுவலகத்தில் வக்கீல் முன்னிலையில் பார்க்கலாம் என்று குடும்ப நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

போலீஸ் வந்த நாளிலிருந்து ஆல்வின் அப்பாவிடம் பேசுவதை நிறுத்தியிருந்தான். அலுவலகத்துக்குள் வந்ததும் நேராகப் பெரியப்பாவின் மேசைக்கு அடியில் போய், அவருடைய காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வான். பெரியப்பா மேலே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பையன் கிளம்பும்வரை காலை அசைக்கமாட்டார். அவன் போன பிறகு, மரத்துப்போன காலை உதறி உதறி ஹாலில் நடப்பார்.

என்னை அந்த அறையில் உட்கார்த்தியது பெரியப்பாதான். கூட ஒரு குழந்தை இருந்தால் நல்லது என்று நினைத்திருப்பார். ஆனால் எனக்கு வேறு வேலை வந்து சேர்ந்தது. ஆல்வினின் அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து, "சார் இன்னிக்கு இன்னா சாப்ட்டாரு, கேளு பாப்பா" என்பார். மகனைத்தான் சார் என்பார். நான் மேசைக்கு அடியில் தலையை விட்டுக் கேட்டு, வெளியே வந்து, முட்டை சாதமாம் என்று சொல்வேன். ஸ்கூல்ல யார் பக்கத்துல உக்கார்றாரு, கேளு. மறுபடி குனிவேன். இப்படியே அந்த ஒரு மணி நேரமும் போகும். மேலிருந்து கீழே கேள்விகள் போகும். கீழிருந்து பதில் மட்டும்தான் வரும். அம்மாவுக்கு அடுத்தபடியாக அந்த அலுவலகத்தின் இரண்டாவது ஜூனியர் நான்தான் என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை கோர்ட்டுக்குக் கிளம்பி, ஷூவின் கயிறு கட்டக் குனிந்த பெரியப்பா நிமிரவில்லை.

வீடு முழுக்க ஆட்கள். அழுகை அடங்கியதும் கட்சிக்காரர்கள் வரத்தொடங்கினார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். பெரியப்பாவின் படத்துக்கு முன் கண்கலங்கி நின்றுவிட்டு, தயங்கித் தயங்கி அம்மாவிடம், தப்பாக நினைத்துக்கொள்ளவேண்டாம் அக்கா, வேறு வக்கீலைப் பார்த்திருக்கிறோம், எங்கள் கட்டைக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டார்கள். அந்த வழக்குகள் எல்லாவற்றிலும் பெரியப்பாவோடு அம்மாவும்தான் வக்கீலாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். அது யாருக்கும் நினைவிருந்ததாகத் தெரியவில்லை. அம்மாவும் நினைவுபடுத்தவில்லை. ஒவ்வொரு கட்டாக எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பாவின் நண்பரான ஒரு பெரிய வக்கீல் துக்கம் கேட்க வந்தவர், மிச்சமுள்ள வழக்குகளைத் தானே எடுத்துக்கொள்வதாகவும், அம்மா தன்னிடம் ஜூனியராக வந்துவிடலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். வங்கியில் வேலை பார்த்த அப்பாவுக்கு அதில் பெரிய நிம்மதி. காரியம் முடியும்வரை இருக்கலாம் என்று கோபாலபுரத்திலிருந்து வந்திருந்த அத்தைக்கும் அதுதான் சரியென்று பட்டது. சண்டை போட்டுக்கொள்கிறவர்களையெல்லாம் வீட்டுக்குள் விட்டுக்கொண்டு ஒரு பொம்பளை தனியாக என்ன செய்வாள் என்று கேட்டார். அம்மா அலமாரியில் மிச்சமிருந்த கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் சனிக்கிழமை வந்தது.

ஸ்டெல்லா அக்கா ஆல்வினைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். சாவுச் செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே வந்து படத்துக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "அக்கா, நான் இன்னிக்கு வந்தது..." என்று ஆரம்பித்தவர், அலமாரியில் இருந்த கட்டுகளைப் பார்த்தபடி நிறுத்திவிட்டார். அதற்குள் வெளியே மொபெட் வந்து நின்ற சத்தம். ஆல்வினின் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. கையில் பேக்கரிப் பையோடு படியேறி வந்தவர், மாலை போட்ட படத்தையும் விளக்கையும் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார்.

துக்க வீட்டில் இதெல்லாம் வேண்டாம், இன்னொரு நாள் வரச்சொல்லி அனுப்பு என்று உள்ளேயிருந்து அத்தை சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அந்த மனிதர் தலையை ஆட்டி, பரவாயில்லை, அடுத்த வாரம் வருகிறேன் என்றார். ஸ்டெல்லா அக்கா மகனின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்படியே கிளம்பியிருப்பார்கள்.

அம்மா போய் முன்னறை ஜன்னலைத் திறந்தார். ஐந்து நாளாக மூடிக் கிடந்த ஜன்னல். விளக்கைப் போட்டார். திரையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "வாங்க, சனிக்கிழமைதானே" என்றார்.

அத்தை வெளியே வந்துவிட்டார். பதினாறு கூட ஆகாமல் இப்படிச் செய்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டார்.

"அவர் போயிட்டார்ங்கிறதுக்காக அந்தப் பையன் அவங்கப்பாவைப் பாக்காம போகக்கூடாது அண்ணி" என்றார் அம்மா. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அத்தை சமையலறைக்குத் திரும்பிப் போனார். அப்பா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

நாங்கள் வழக்கமான இடங்களில் உட்கார்ந்தோம், ஸ்டெல்லா அக்கா திரைக்கு அந்தப் பக்கம் ஹாலில். அம்மா மட்டும் பெரியப்பாவின் நாற்காலிக்குப் போகாமல் அலமாரி ஓரமாக ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். ஆல்வின் மேசைக்கு அடியில் போனான். உடனே அங்கிருந்து என்னைக் கூப்பிட்டான். நான் குனிந்தேன்.

தாத்தா கால் எங்கே என்று கேட்டான்.

சின்னப் பிள்ளைகளிடம் செத்துவிட்டார் என்று சொல்லக்கூடாது என்று அத்தை எனக்குச் சொல்லியிருந்தார். அதனால் சாமியிடம் போயிருக்கிறார் என்றேன். எப்போது வருவார் என்றான். அதற்கு என்ன சொல்லவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வரமாட்டார் என்றேன். அவன் காலியாக இருந்த அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் காதருகே வந்து, "எங்கப்பாவும் அது மாதிரி போயிடுவாரான்னு கேளு" என்றான்.

கீழிருந்து மேலே ஒரு கேள்வி வருவது அதுதான் முதல்முறை. நான் வெளியே வந்து, அவன் சொன்னதைச் சொன்னபடியே கேட்டேன்.

ஆல்வினின் அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா மேசையைக் கண்ணால் காட்டினார். அவர் நாற்காலியிலிருந்து இறங்கினார். நல்ல உயரமான ஆள். தரையில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி நகர்ந்து, தலையை மேசைக்கு அடியில் விட்டார். சட்டை முதுகெல்லாம் மண்டபத்துச் சுண்ணாம்புத் தூசி.

"நான் எங்கியும் போவலடா" என்றார். "இங்கதான் கீறேன்."

நான் மறுபக்கத்திலிருந்து குனிந்து பார்த்தேன். ஆல்வின் ஒரு விரலை நீட்டி அப்பாவின் காதைத் தொட்டான். பிறகு பிடித்து இழுத்தான். அவர் இழுத்த பக்கம் தலையைக் கொடுத்தார்.

"பட்டர் பிஸ்கட் வாங்கினு வந்தியா?" என்று அவன் கேட்டான். நேராக அவரிடமே கேட்டான்.

திரையின் ஓரத்தில் ஸ்டெல்லா அக்காவின் விரல்கள் தெரிந்தன. துணியை இறுக்கிப் பிடித்திருந்தன. அப்பாவும் மகனும் மேசைக்கு அடியிலேயே பிஸ்கட் தின்றார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். இனிமேல் இங்கே நமக்கு வேலையில்லை என்று எனக்குத் தோன்றியது. அதில் கொஞ்சம் வருத்தம்கூட.

ஸ்டெல்லா அக்காவும் அவர் கணவரும் திரும்பச் சேரவில்லை. பிறகு சம்மதத்தோடுதான் பிரிந்தார்கள். ஆனால் அதற்கு முன்பே அம்மா நீதிமன்றத்தில் கேட்டு, அந்தச் சந்திப்பை எங்கள் முன்னறையிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரைக்கு மாற்றிவிட்டார். சில வருடங்களில் ஆல்வின் பள்ளி விடுமுறைகளை அப்பாவோடு கழிக்கத் தொடங்கினான். இன்று அப்பாவும் மகனும் சேர்ந்துதான் லைட் வேலை செய்கிறார்கள். மாம்பலத்து அலுவலகத்துக்கு ஒயரிங் செய்தது அவர்கள்தான். ஸ்டெல்லா அக்கா தன் ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்த நர்ஸ்களை அம்மாவிடம் அனுப்பினார். அவர்கள் தங்கள் தங்கைகளை, பக்கத்து வீட்டுக்காரர்களை அழைத்து வந்தார்கள். பெரியப்பாவுக்குப் பிறகு எங்கள் அலுவலகம் பிழைத்துக் கிடந்தது அவர்களால்தான். அந்த நன்றியை எந்த வாட்ஸ்அப் செய்தியில் எப்படி எழுதுவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வேறொரு வக்கீல், அந்தச் சந்திப்பையே நிறுத்திக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்ததையும், கட்டை வாங்கிப் போகத்தான் தான் அன்று வந்திருந்ததையும், நான் வக்கீலான பிறகு ஸ்டெல்லா அக்காவே என்னிடம் சொன்னார். கட்டுக்காகத்தான் வந்திருக்கிறார் என்பது அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருந்தது. அன்று ஆல்வினின் அப்பா கிளம்பிப் போனதும், ஸ்டெல்லா அக்கா வாய் திறப்பதற்கு முன்பே அம்மா அலமாரியிலிருந்து அந்தக் கட்டை எடுத்து, மற்றதையெல்லாம் போலவே தூசி தட்டி நீட்டினார்.

ஸ்டெல்லா அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. ஆல்வினின் வாயோரம் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் துடைத்துவிட்டார்.

"அது இங்கேயே இருக்கட்டும்" என்றார். "அடுத்த சனிக்கிழமை வரோம், மேடம்."

அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகும் அம்மா கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். நான் பக்கத்தில் போய், "ஸ்டெல்லா அக்காவுக்கு நம்ம மேல கோவமா? உன்னை அக்கான்னே கூப்பிடலியே" என்று கேட்டேன். அம்மா சிரித்தார். பெரியப்பா போன பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவர் அழத்தொடங்கினார்.

அப்படியானால் கோபம்தான் என்று முடிவு செய்தேன். ஆல்வினிடம் நான் தாத்தா வரமாட்டார் என்று சொன்னதால்தான் இருக்கும். அடுத்த சனிக்கிழமை ஸ்டெல்லா அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு, அம்மாவைப் பழையபடி அக்கா என்று கூப்பிடச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.