சட்டைப் பை இடம் மாறிய சூப்பர் ஹீரோ

காமிக்ஸ் படித்துவிட்டு, அதைப் பற்றி வீடியோவில் பேசிப் போடுவது என் பழக்கம். பகலில் வேங்கிக்காலில் அலுவலக வேலை. சாயங்காலம் மொட்டை மாடியில் வீடியோ. போன வருடம் தபாலில் ஒரு புது இதழ் வந்தது. நம்மூர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவன், மின்னல் தாக்கிப் பறக்கும் சக்தி பெறுகிறான். வரைந்து, எழுதி, அச்சடித்தது எல்லாம் ஒரே ஆள். பக்கத்து ஊரான அடி அண்ணாமலைக்காரர்.

வசனம் பிரமாதம். உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பும் மகனிடம், "பறக்கறதெல்லாம் சரி, சாப்ட்டுட்டுப் பற" என்கிறாள் அம்மா. வாய்விட்டுச் சிரித்தேன். ஓவியம்தான் உறுத்தியது. அளவுக்கு மீறி நன்றாக இருந்தது. பௌர்ணமிக் கூட்டத்தில் ஒரு முகம் போல இன்னொன்று இல்லை. மழை நனைத்த தார்ச்சாலையில் கற்பூர வெளிச்சம் நெளிந்தது. தனி ஆளால் ஆகிற வேலையா இது? மறுபடி மறுபடி பார்த்தேன். ஒரு படக் கட்டத்தில் நாயகனின் சட்டைப் பை இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம். ஆள் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் ஏஐ போட்டுக் கொடுத்த படம்.

"நேரா போய்க் கேளுங்களேன். அதுக்குள்ள என்ன தீர்ப்பு?" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கிரிவலப் பாதையை ஒட்டிச் சின்ன வீடு. பேனர் டிசைன் செய்து பிழைக்கும் இளைஞர். நான் வந்த காரணத்தைச் சொன்னதும், கட்டிலுக்கு அடியிலிருந்து மூலப் பக்கங்களை இழுத்துப் போட்டார். பென்சில் கோடு, அழித்த தடம், மை சிந்திய கறை. அப்போதும் மனம் அடங்கவில்லை. சட்டைப் பையைக் காட்டினேன்.

சிரித்தார். "போஸ் குடுக்க ஆள் இல்ல சார். சில படத்தை நானே கண்ணாடி முன்னாடி நின்னு பாத்து வரைஞ்சேன். அதுல பாக்கெட் மாறிடுச்சு."

வெட்கமாகிவிட்டது. சமாளிக்க வசனத்தைப் புகழ்ந்தேன். அந்த அம்மா பேசும் வரியைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பக்கங்களை அடுக்க ஆரம்பித்தார்.

"வசனம் நான் எழுதல சார். போன்ல ஏஐ கிட்ட கேட்டு வாங்கினேன். எனக்கு எழுத்து வராது."

"அந்த வரியுமா?"

"அது மட்டும் எங்கம்மா சொல்றது."

அவர் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. டீ கொண்டுவந்த அவர் அம்மாவிடமே கேட்டேன்.

"நாள் பூரா எதையாவது சொல்லிக்கினுதான் இருக்கேன்ப்பா. இவன் எங்க கேக்கறான்?" என்றபடி உள்ளே போய்விட்டார்.

வாசல்வரை வந்த மகன், "வீடியோல சொல்லிடுவீங்களா?" என்றார்.

"தெரிஞ்சப்புறம் எப்படிங்க சொல்லாம விடறது?"

தலையை ஆட்டினார்.

சொன்னேன். ஓவியம் கையால் வரைந்தது, என் கண்ணால் பார்த்தேன். வசனம் அவருடையதல்ல, அவரே ஒப்புக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். போனே வரவில்லை.

சில மாதம் கழித்து இரண்டாவது இதழ் வந்தது. வசனம் கம்மி. இருந்ததும் தட்டுத்தடுமாறியது. சந்திப்பிழைகள் மலிந்திருந்தன. வில்லன் சொன்னதையே திரும்பச் சொன்னான். அவரே உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டு மனைவியிடம் நீட்டினேன். அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே என் புத்தி வேலையைக் காட்டியது: பிழையோடு எழுதிக் கொடு என்று கேட்டால், ஏஐ அப்படியும் கொடுத்துவிடாதா?

அந்த இதழைப் பற்றி இன்னும் நான் பேசவில்லை.