முருகனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு

அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டரில், ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன். தலைக்குள் கட்டி இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் எம்ஆர்ஐ எழுதியிருந்தார்.

"மெட்டல் எதுவும் உள்ள வரக் கூடாது மேடம். செயினைக் கழட்டிடுங்க" என்றார் டெக்னீஷியன்.

முருகன் டாலர். பத்தாவது பரீட்சைக்கு வடபழனியில் வாங்கிப் போட்டது, கழற்றியதே இல்லை. துணைக்கும் யாரும் வரவில்லை. கழற்றிய செயினை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.

அடுத்த டோக்கனுக்குக் காத்திருந்த அக்கா கையை நீட்டினார். அவர் கழுத்தில் சிலுவை.

"இன்னாத்துக்கு பயப்படுற? உன் சாமி என் கைல பத்திரமா கீறாரு. நீ போய்ட்டு வா."

உள்ளே அந்த மெஷின் போட்ட சத்தத்தில், நான் முருகா என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை.

வெளியே வந்து டாலரை வாங்கினேன். அக்காவின் உள்ளங்கையில் வேல் அழுந்திய தடம். அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

இப்போது அவர் உள்ளே. சிலுவை என் கையில்.

"மாதாகிட்ட சொல்லிக்கினே இரு" என்று போனவர், இன்னும் வரவில்லை. கதவுக்குப் பின்னால் சத்தம் மட்டும் நிற்காமல் வருகிறது.

எனக்கு மாதா ஜெபம் தெரியாது. பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் யாராவது சீக்கிரம் கமெண்டில் போடுங்கள். அதுவரை முருகன்தான் ஓவர்டைம் பார்க்கிறார்.