ஈயக்குண்டுப் பெட்டிக்குப் பின்னால்

கை மட்டும் அலமாரிக்குள் போகிறது. முகம் வேறு எங்கோ, கூரையில் தொங்கும் வலைகளை எண்ண வந்தவள்போல் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது. உள்ளே போன கை தூண்டிலில் மாட்டும் ஒரு கறுப்பு ரீலை நைசாகப் பின்னால் தள்ளி, ஈயக்குண்டுப் பெட்டியை இழுத்து அதன் முன்னால் நிறுத்துகிறது. பிறகு தூசி தட்டுவதுபோல் இரண்டு தட்டு. "என்ன தாத்தா, இன்னைக்குக் கூட்டமே காணோம்?" என்று அவள் என் பக்கம் திரும்பும்போது முகத்தில் பால் வடிகிறது.

அவள் போனதும் நான் எழுந்து போய் அந்த ரீலை எடுத்து முன்வரிசையில் வைப்பேன். அடுத்த முறை வந்து மறுபடி பின்னால் தள்ளுவாள். பல மாதங்களாக நடக்கிறது இந்தப் போர். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். நடைபாதையில் கோணியை விரித்துத் தூண்டில் முள் விற்ற கை இது. இன்று கீழே கடை, மேலே வீடு. ஒரு செங்கல்கூட அப்பன் வைத்துவிட்டுப் போனதல்ல. வாசலில் ஒருவன் செருப்பை உதறும் விதத்தைப் பார்த்தே அவன் வாங்க வந்தவனா, வேடிக்கை பார்க்க வந்தவனா என்று சொல்லிவிடுவேன். இந்தப் பெண் ஒருத்தி விஷயத்தில்தான் அந்தக் கணக்கு உதைக்கிறது. வாங்கவும் வருகிறாள், வேடிக்கை பார்க்கவும் வருகிறாள், என் சரக்குக்குப் பரீட்சை வைக்கவும் வருகிறாள். அதனால் 'இன்ஸ்பெக்டரம்மா' என்று பெயர் வைத்தேன்.

கட்டடம் கட்டும் படிப்புப் படிக்கிறாள். விடுதியில் தங்கல். முதுகில் ஒரு பை. அதில் பாடப்புத்தகம் இருக்கிறதோ இல்லையோ, ஒரு உருண்டைப் பஞ்சும் மீன் நிறுக்க ஒரு சின்ன வில் தராசும் கட்டாயம் இருக்கும். என்னைத் தாத்தா என்கிறாள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரியை ஆன்ட்டி என்கிறாள். எங்கள் இருவருக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். இதைச் சொன்னால், "பொண்ணுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்கிறாள் வீட்டுக்காரி.

பஞ்சு எதற்கு என்றால், அது தூண்டில் ராடுக்கு வைக்கும் பரீட்சை. கடையிலேயே விலை குறைந்த ராடுகளை எல்லாம் தரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் நைலான் நரம்பு ஓடும் வளையங்களுக்குள் பஞ்சை விட்டு இழுப்பாள். பஞ்சு எங்கேயாவது இழை பிரிந்து ஒட்டிக்கொண்டால் அந்த ராடு தேறவில்லை. "உள்ள சொரசொரப்பு இருக்கு தாத்தா. நரம்பு தேஞ்சு தேஞ்சு அறுந்துடும்." எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் தெரிந்ததை எல்லாம் வாடிக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தால் மாடி எழும்புமா? அன்று அவளால் கடை முழுக்கப் பஞ்சு பறந்தது. கடைசியில் இரண்டு துண்டாகக் கழற்றும் ராடு ஒன்றை, இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து, எடுத்துக்கொண்டாள். ஒரே துண்டாக இருப்பது உறுதியாயிற்றே என்றேன். "பஸ்ல எனக்கு ஒரு டிக்கெட்டு, அதுக்கு ஒரு டிக்கெட்டா?" என்றாள்.

வாங்கிய ராடு ரீல் இல்லாமல் விடுதி அறையின் மூலையில் நிற்கிறது. அறைத்தோழிகள் அதன்மேல் ஈரத் துண்டும் காலுறையும் காயப்போடுகிறார்களாம். "நுனி வளைஞ்சுடும்டின்னு கத்தறேன் தாத்தா. மீனு புடிக்கறப்ப சொல்லு, எடுத்துடறோம்கறாளுங்க."

மீன் பிடிக்கத் தெரியாதவள் அல்ல. அதுதான் வயிற்றெரிச்சலே. வகுப்புத் தோழன் ஒருவனின் ராடையும் ரீலையும் இரவல் வாங்கி ஏரிக்குப் போவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கையில் முழங்கை நீளக் கெண்டை ஒன்று மாட்டியது. கரைக்கு இழுத்துப் போட்டாள். உடனே அவன் மீனைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்து, தானே பிடித்ததாக ஊரெல்லாம் அனுப்பிவிட்டான். கேட்டதற்கு, "என் ராடு, என் ரீலு, அப்ப மீனு யாருது?" என்றானாம். அன்றே முடிவெடுத்துவிட்டாள், இனி இரவல் சாமானில் ஒரு பொடிமீனைக்கூடத் தொடுவதில்லை என்று.

அதனால்தான் கறுப்பு ரீல். கம்பெனிக்காரன் செய்வதை நிறுத்திவிட்ட பழைய மாடல். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். உள்ளே பித்தளைப் பல்சக்கரம், ஆயுசுக்கும் உழைக்கும். அவளுக்கு எட்டுகிற விலையில் அதைவிட்டால் வேறு கிடையாது, அதுவும் இன்னும் முழுசாக எட்டவில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். முன்பணம் வாங்கிக்கொண்டு சாமானை எடுத்து வைக்கும் பழக்கம் என் கடையில் கோணி விரித்த நாளிலிருந்து இல்லை. யார் முதலில் வருகிறாரோ அவருக்கு. அவளும் எடுத்து வையுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமல் ஒளித்து வைக்கிறாள், அவ்வளவுதான்.

ஒருநாள் ரீலுக்கும் பரீட்சை வைத்தாள். கடை ராடு ஒன்றில் கறுப்பு ரீலை மாட்டி, நரம்பின் நுனியை என்னிடம் நீட்டினாள்.

"தாத்தா, கொஞ்சம் மீனா இருங்க."

"என்னது?"

"இதப் புடிச்சுக்கிட்டுத் தெருவுல ஓடுங்க. நான் இழுக்கறேன். நரம்ப விட்டுக்குடுக்குதா, வெட்டி இழுக்குதான்னு பாக்கணும்."

என்னிடம் இதுவரை எவனும் இப்படிப் பேசியதில்லை. மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன் நான். ஆனால் இறங்கினால் அரைகுறையாகச் செய்கிற ஆளும் இல்லை. எதிர்க் கடைக்காரர் பார்க்க, தெருக்கோடிவரை இப்படியும் அப்படியுமாக ஓடினேன். அவ்வளவு பெரிய மீன் அந்த ரீலில் அதற்கு முன் மாட்டியிருக்காது. "ஏம்மா, மீனுக்கு மூச்சு வாங்குது, கரையேத்திடு இன்ஸ்பெக்டரம்மா!" என்று கல்லாவிலிருந்து குரல் வந்தது.

போன சனிக்கிழமை அவள் ரீலை ஒளித்துவிட்டுத் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது, தலையில் கறுப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பையன் உள்ளே வந்தான்.

"ஏய், நீ எங்க இங்க?"

"காத்து வாங்க."

அந்தக் குரலிலேயே புரிந்துவிட்டது, போட்டோக்காரன் இவன்தான் என்று. "பெரியவரே, கடையிலயே நல்ல ரீலா ஒண்ணு எடுங்க. அப்பா காசு குடுத்திருக்காரு" என்றான். நான் கண்ணாடிப் பெட்டியிலிருந்து தங்க நிற ரீலை எடுத்து வைத்தேன். எனக்கு லாபம் அதிகம் வைக்கும் சரக்கு அது. அவன் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தான். பளபளவென்று சுழன்றது.

"செமயா இருக்குல்ல? நீ சொல்லு. நீதான் இதுல பெரிய ஆளாச்சே."

'நல்லா இருக்குடா, வாங்கிக்கோ' என்று அவள் சொன்னால் போதும். கெண்டை மீனுக்குப் பழி தீர்ந்தது, கறுப்பு ரீலும் பத்திரம், எனக்கும் வியாபாரம். சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. அவன் கையிலிருந்த ரீலைப் பிடுங்கி அவன் காதருகே ஆட்டினாள்.

"கேளு. உள்ள லொடலொடங்குது. பல்லெல்லாம் பிளாஸ்டிக்கு. பெருசா ஒண்ணு மாட்டுச்சுன்னா வழுக்கிடும்."

கல்லாவில் இருமல் சத்தம் கேட்டது.

"அப்படியா பெரியவரே?"

நானாக எந்தச் சரக்கின் குறையையும் சொல்ல மாட்டேன். கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன். அந்தப் பெயரில்தான் இந்தக் கடை நிற்கிறது. "சின்ன மீனுக்குத் தாங்கும் தம்பி. பெரிய மீனுக்கு நான் பொறுப்பில்ல."

அவன் அவளிடம் திரும்பினான். "அப்ப எதுதான் நல்லது? நீ வாங்கறதா இருந்தா எத வாங்குவ?"

அவள் கூரையில் தொங்கும் வலைகளைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். சொல்லித் தொலைக்காதே பெண்ணே என்று மனசுக்குள் கத்தினேன். வியாபாரம் தெரிந்த எனக்கு அன்று என்ன வந்ததோ! அவள் அலமாரிக்குப் போனாள். ஈயக்குண்டுப் பெட்டியை நகர்த்தினாள். கறுப்பு ரீலை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள். கைப்பிடியிலிருந்து இரண்டு விரலை மட்டும் எடுக்கவில்லை.

"இதான்."

அவன் புரட்டிப் பார்த்தான். "இதுவா? என்னடி இது, மிக்சில இருந்து கழட்டின மாதிரி இருக்கு?"

"உள்ள பித்தளைடா."

"உள்ள இருக்கறது யாருக்குத் தெரியும்? போட்டோல வெளியதான தெரியும்? வெல வேற இவ்வளவு கம்மி. நல்ல சாமானா இருந்தா இந்த வெலைக்குக் குடுப்பாங்களா?"

தங்கத்தையே கட்டிக்கொண்டு போனான். பில் போடும்போதும் ஒருதடவை சொன்னேன், பெரிய மீனுக்கு நான் பொறுப்பில்லை என்று. "என் பழைய ரீல வேணா நீ வெச்சுக்கோ, புடிக்கற மீன்ல பாதி எனக்கு" என்று வாசலில் நின்று அவளைப் பார்த்துச் சொன்னான். "போடா" என்றாள்.

"ஏம்மா, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும்?" என்றாள் வீட்டுக்காரி.

"வாய் வரைக்கும் வந்துச்சு ஆன்ட்டி. கைல லொடலொடன்னு ஆடுதே, எப்படிச் சொல்றது?"

"என் வியாபாரத்தையே கெடுத்திருப்ப நீ" என்றேன்.

"கெடலையே தாத்தா! மட்டம்னு சொல்லியே வித்துக் குடுத்திருக்கேன். கமிஷன் எடுங்க."

பிறகு கறுப்பு ரீலில் பட்டிருந்த அவன் விரல் ரேகையைச் சட்டைக் கையால் துடைத்தாள். வழக்கம்போல் அலமாரிக்குள் கையை விட்டாள். கை பாதியில் நின்றது. ரீலோடு வெளியே வந்தது. தெருவைப் பார்த்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்த இரண்டு தங்க ரீல்களுக்கும் நடுவில் அதை வைத்து, குறைந்த விலை தெரியும்படி சீட்டை வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டாள். தெருவில் இறங்கி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். திரும்பி உள்ளே வந்து, தங்க ரீல்கள் இரண்டையும் கறுப்போடு இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்துவிட்டுப் போனாள்.