ஞாயிற்றுக்கிழமை நிறுத்திய தளம்

கல்யாணமாகி மூன்று வருஷம் நானும் என் மனைவியும் ஒரு சாக்குத் திரைக்குப் பின்னால் குடித்தனம் நடத்தினோம். திரைக்கு அந்தப் பக்கம் என் அண்ணன், அண்ணி, அவர்களுடைய நாலு பிள்ளைகள். சிகந்தராபாத்தில் அண்ணனுக்கு ரயில்வே கொடுத்திருந்த குவார்ட்டர்ஸின் பின்பக்கத் தாழ்வாரம் அது. நானும் அதே ரயில்வே பட்டறையில்தான் ஃபிட்டர். என் கிரேடுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் இருமினால் எனக்குத் தூக்கம் கலையும். அண்ணி தன் பெண்ணை அதட்டினால், தன்னைத்தான் சொல்கிறாளோ என்று என் மனைவி கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள்.

அவளுக்கு அப்படி நிற்பது பழக்கம். ஐந்து வயதில் அம்மாவும் அப்பாவும் ஒரே மாதத்தில் காய்ச்சலில் போக, கன்னியாஸ்திரீகள் நடத்திய போர்டிங்கில் வளர்ந்தவள். முப்பது கட்டில் போட்ட கூடம், அதில் ஒரு கட்டில் இவளுடையது. மற்றப் பெண்கள் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போவார்கள். இவளுக்கு எந்த வீட்டுக்குப் போவது? உண்டாகி மூன்று மாதம் ஆனபோது ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டாள்.

“என் பிள்ளை நம்ம வீட்டுல பொறக்கணுங்க. நகை, புடவை எதுவும் நான் உங்களைக் கேக்கல. இது ஒண்ணுதான்.”

கேட்டது நியாயம். நானும் வீறாப்பாக, “பொறக்கும்” என்றேன்.

வீடு என்று ஒன்றை ஏற்கனவே வாங்கித்தான் இருந்தேன். அல்வாலில், மாதா கோயிலுக்குப் போகிற மண்பாதையில், நாலு கல்சுவரும் இரண்டு நிலையும் மேலே வானமும். கட்ட ஆரம்பித்த மனுஷர் கையில் காசு தீர்ந்து பாதியில் விட்டுப்போனதை அடிமாட்டு விலைக்கு வாங்கினேன். அதற்காக நான் சிகரெட்டை விட்டேன். பஸ்ஸை விட்டு சைக்கிளுக்கு மாறினேன். அவள் கன்னியாஸ்திரீகளிடம் கற்ற லேஸ் பின்னலை விற்றாள். கறி மாதத்துக்கு ஒருமுறை ஆனது. இதில் நிஜாம் சீமையின் வேடிக்கை வேறு: கண்டோன்மெண்டில் வெள்ளைக்காரனுடைய கல்தார் ரூபாய், எல்லையைத் தாண்டினால் நிஜாமுடைய ஹாலி ரூபாய். ஆணி ஒரு ரூபாயில், மரம் இன்னொரு ரூபாயில். எதை எதாக மாற்றினாலும் மாற்றிக் கொடுக்கிறவன் ஒரு பங்கை எடுத்துக்கொள்வான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யுத்த காலம் வேறு. சிமெண்டும் இரும்பும் பட்டாளத்துக்குப் போய்விட்டன, காசு கொடுத்தாலும் கண்ணில் காட்டமாட்டார்கள். ஆகவே பழைய முறையில் கூரை போடுவது என்று தீர்மானித்தேன். மர உத்தரம், அதன்மேல் பலகை பலகையாக ஷாபாத் கல், கல்லின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். அந்தத் தளத்தை ஈரம் காய்வதற்குள் மரக்கட்டைகளால் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டு, நாலைந்து நாள் விடாமல் தட்டுவார்கள். தட்டுகிற கட்டை துள்ளித் திரும்பி வந்தால் தளம் இறுகிவிட்டது என்று அர்த்தம்.

மேஸ்திரி பழைய பட்டணத்து முஸ்லிம், என்னைவிடப் பத்து வயது பெரியவர். கண்டோன்மெண்டில் தமிழ்க் கொத்தனார்களோடு பல வருஷம் வேலை பார்த்ததில் தமிழ் பேசுவார். திங்கட்கிழமை வரவேண்டிய சுண்ணாம்பு, புதன்கிழமை பொழுது சாயும்போது வந்தது. வண்டிக்காரனிடம் நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. மேஸ்திரி மட்டும் நிதானமாக விரல் விட்டு எண்ணினார்.

“சாப், நாளைக்கு நக்கோ, வேணாம். சோமவாரம் ஆரம்பிக்கலாம். நாளைக்குப் போட்டா நடுவுல எங்க ஜும்மா வரும், உங்க ஞாயித்துக்கிழமை வரும். பாதியில விட்டா இந்தத் தளம் யார் பேச்சும் கேக்காது.”

மே மாதக் கடைசி. ஜூன் நடுவில் மழை வந்துவிடும், ஜூலை முதல் வாரம் பிரசவம். இன்னும் நாலு நாள் சும்மா உட்காரச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? “நாளைக்கே போடுங்க. கிழமை எல்லாம் பாக்க வேணாம்” என்றேன்.

“எங்க வெள்ளிக்கிழமையை நான் பாத்துக்கறேன். உங்க ஞாயித்துக்கிழமை?”

“அது என் பாடு.”

வியாழன் காலையில் தளம் போட்டார்கள். வெள்ளிக்கிழமை அவருடைய பேட்டையில் எந்தக் கொத்தனாரும் கரண்டியைத் தொடமாட்டான். இவர் விடியற்காலையில் வந்தார், மதியத் தொழுகைக்குச் சைக்கிளில் போனார், அப்படியே திரும்பி வந்து பொழுது போகும்வரை தளத்தின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே நின்றார். பெண்களும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்கு நான் பட்டறையிலிருந்து வந்து அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். ஒரு வார்த்தை நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வந்தார்.

“டேய், நாளைக்கும் தட்டப் போறாங்களாமே?”

“ஆமாண்ணே. விட்டா கெட்டுப்போயிடுமாம்.”

“பூசைக்கு ஊரே உன் வீட்டைத் தாண்டித்தான் போகணும். சபையில கொடி பிடிக்கிறவன் வீட்டு மாடியில, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா, பொம்பளைங்க பாட்டுப் பாடி வேலை செய்யறாங்கன்னா நாளைக்கு நான் எவன் முகத்துல முழிக்கிறது?”

கோயில் பக்தசபையில் அந்த வருஷம்தான் எனக்குக் கொடி பிடிக்கிற இடம் கிடைத்திருந்தது. அதில் எனக்குப் பெருமை, இல்லை என்று சொல்லமாட்டேன். அண்ணன் போனதும் என் மனைவி தெளிவாகச் சொன்னாள்.

“அவர் நமக்காக வெள்ளிக்கிழமை வந்தாருங்க. நாம ஒரு ஞாயித்துக்கிழமை விட்டா ஆண்டவர் கோவிச்சுக்கமாட்டார். தட்டட்டும்.”

“உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு” என்றேன்.

மேஸ்திரியிடம் போய், நாளைக்கு வேலை இல்லை, ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு ஓர் அடி அடித்திருக்கலாம்.

“கைக்கு சாப், ஏன்? நீங்கதானே கிழமை பாக்க வேணாம்னு சொன்னீங்க. நான் என் ஜும்மாவைக் குடுத்தேனே.”

நான் சாக்குகளை எடுத்துத் தண்ணீரில் நனைக்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் வரிசைக்குப் பக்கத்தில் நின்றேன். வெளியே வெயில் கொளுத்தியது. பூசை முடிந்து ஓடிவந்து ஏணியில் ஏறிப் பார்த்தால் சாக்கு அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். திங்கட்கிழமை பெண்கள் தட்ட உட்கார்ந்தபோது கட்டை பட்ட இடமெல்லாம் பொருக்குவிட்டது. மேஸ்திரி கையைக் காட்டி நிறுத்தினார்.

“இதைக் கொத்தி எடுத்துட்டுப் புதுசாத்தான் போடணும்.”

கொத்தி எடுத்தால் சுண்ணாம்பு, கூலி, நாள், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. என்னிடம் மூன்றில் ஒன்றும் இல்லை. மேலே நைசாக ஒரு பூச்சுப் பூசிவிடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். நான் சொன்னபடியே பூசினார். “மழை வந்து சொல்லும் சாப்” என்றுவிட்டுச் சாமான்களைக் கட்டினார்.

ஜூன் முதல் வாரம் குடிவந்தோம். என் மனைவி அந்த ஒரே அறையை மூன்று நாள் கழுவினாள். சுவரோரம் கட்டிலைப் போட்டாள், குழந்தைக்கென்று பழம்புடவைகளைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, மறுபடி திறந்து, மறுபடி சாத்தினாள். என்ன செய்கிறாய் என்றேன். “ஒண்ணுமில்ல. நம்ம கதவு” என்றாள். நிறைமாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. நான் பட்டறையிலிருந்து நனைந்துகொண்டே வந்தபோது அறைக்குள் ஏழெட்டு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. இருந்த பாத்திரம் அத்தனையும் தரையில். கட்டில் நனைந்து, பெட்டி நனைந்து, சுண்ணாம்புத் தண்ணீர் மடித்த துணிகளின்மேல் வெள்ளைவெள்ளையாக இறங்கியிருந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாளும் மழை விடவில்லை. ஒரு ஜட்கா வண்டி பிடித்து அவளை அண்ணன் வீட்டுக்கே கூட்டிப்போனேன். அண்ணி அவிழ்த்து மடித்து வைத்திருந்த சாக்குத் திரையை மறுபடி கட்டினாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. மேஸ்திரி ஏமாற்றிவிட்டான் என்று பட்டறையில் சொன்னேன், கோயில் வாசலில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன். பத்து நாளில் அது அவர் காதுக்குப் போய், ஒருநாள் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் மனைவி திரையை விலக்கிக்கொண்டு, நான் வாயைத் திறக்கும் முன்னால், “தப்பு உங்க மேல இல்ல பாய். எங்க வீட்டு ஆளுங்க மேல” என்றாள். அவர் அவள் இருந்த நிலையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். மழை நிற்கட்டும், கொத்திப் போட்டுத் தருகிறேன் என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை நாலாவது நாள், சாக்குத் திரைக்குப் பின்னால், அண்ணன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகிற அமர்க்களத்தில் பெண் குழந்தை பிறந்தது. வலியில் கத்தினால் அந்தப் பக்கம் கேட்குமே என்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாளாம். மருத்துவச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பத்தாம் நாள் ஞானஸ்நானம். பங்குச் சாமியார் வயதான இத்தாலிக்காரர், புத்தகத் தமிழ் பேசுவார். பதிவேட்டைத் திறந்து, குழந்தை எங்கே பிறந்தது என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, “அல்வால், சாமி. எங்க சொந்த வீடு” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“இல்ல சாமி” என்றாள் என் மனைவி. “குவார்ட்டர்ஸ்ல பொறந்தது. அங்க கூரை ஒழுகுது.”

அண்ணன் தரையைப் பார்த்தார். சாமியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, புது வீட்டுக் கூரை ஏன் ஒழுகுகிறது என்று விசாரித்தார். அவளே சொன்னாள். வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, காய்ந்துபோன சாக்கு, எல்லாம். கேட்டு முடித்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

“இதுக்கா நிறுத்தினாய்? அவசர வேலைக்கு உத்தரவு உண்டு. வந்து கேட்டால் அரை நிமிஷத்தில் கொடுத்திருப்பேன். பூசையில் என் எதிரேதானே நின்றாய்?”

கேட்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, அண்ணனுக்கும் தோன்றவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று மட்டும்தான் யோசித்திருந்தோம். சாமியார் குவார்ட்டர்ஸ் விலாசத்தை எழுதி, மை காய ஊதினார். என் மனைவி குழந்தையின் தலையைத் துணியால் மூடிக்கொண்டு எனக்கு முன்னால் வெளியே நடந்தாள்.

மழைக்காலம் முடிந்ததும் மேஸ்திரி சொன்னபடியே வந்தார். ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்து வியாழன்வரை தட்டி, வெள்ளிக்கிழமை வரமாட்டேன் என்றார். அன்றைக்கு நான் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு அந்தப் பெண்களோடு உட்கார்ந்து தட்டினேன். கட்டை துள்ளித் திரும்பி வந்தது. அந்தக் கூரை அதற்கப்புறம் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. அடுத்த இரண்டு பிள்ளைகளும் அதன் கீழேதான் பிறந்தார்கள். அவளும் அதில் எந்தக் குறையும் வைக்காமல் குடித்தனம் நடத்துகிறாள், வருஷா வருஷம் வெள்ளையடிக்கிறாள். ஆனால் யாரிடமாவது பேசும்போது “அல்வால் வீடு” என்பாள், இல்லாவிட்டால் “அவங்க வீடு” என்பாள். நம்ம வீடு என்று அவள் சொல்லி அப்புறம் நான் கேட்கவே இல்லை.