வாய்க்காலுக்கு அந்தண்டை பிறந்தவள்

ராமாயி பிறந்தது வாய்க்காலுக்கு அந்தண்டை, இங்கிலீஷ்காரன் மண்ணில். பிழைத்தது இந்தண்டை, பிரெஞ்சுக்காரன் ஆண்ட சுத்துக்கேணியில். நடுவில் ஓடியது முழங்கால் தண்ணீர். மாடுகள் யாரையும் கேட்காமல் தாண்டின. மனுஷருக்கு மட்டும் காகிதம் வேண்டுமாம். அந்தண்டை மழை பொய்த்த வருஷம், புருஷன் முத்துசாமியோடு கரும்பு வெட்ட வந்தவள் காகிதத்துக்கு எங்கே போவாள்?

கனகாம்பாளுக்கு நடந்தது ஊரறிந்த கதை. அவளும் அந்தண்டைக்காரிதான். ஆடு களவு போனதென்று போலீசிடம் சொல்லப் போனாள். ஆட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "நீ எந்த ஊரு?" என்றுதான் கேட்டார்கள். பொழுது சாய்வதற்குள் சட்டி பானையோடு எல்லை தாண்ட வைத்தார்கள். ஆடும் போச்சு, அடுப்பும் போச்சு. திருடியவன் நிம்மதியாகக் கறி தின்றான்.

இதைப் பார்த்துக் குளிர்விட்டுப் போனவன் கரும்பாலை மேஸ்திரி அரங்கநாதன். அந்தண்டை ஆட்களை அடித்தால் கேட்க நாதியில்லை என்று கண்டுகொண்டான். காய்ச்சலில் முத்துசாமி வேலைக்குப் போகாத அன்று, குடிசையிலிருந்து இழுத்துப்போட்டு வண்டி முளைக்குச்சியால் விலாவில் அடித்தான். முத்துசாமி ரத்தமாகக் கக்கினான்.

கயிற்றுக் கட்டிலோடு அவனைத் தூக்கியவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினார்கள். ராமாயி மறித்தாள்.

"அங்க போனா போலீசு வரும். அந்தண்டை தூக்குங்க. நம்ம ஊரு போலீசு நம்மள தொரத்தாது."

பாவி மகள், அப்படித்தான் நம்பினாள். அந்தண்டை ஏட்டு கட்டிலை எட்டிப் பார்த்தார்.

"அடிச்சது எங்க?"

"சுத்துக்கேணியிலங்க."

"அது பிரெஞ்சுக்காரன் எடம். அங்க போயி சொல்லு."

திரும்பி வரும்போது வாய்க்கால் தண்ணீரிலேயே முத்துசாமியின் மூச்சு நின்றது. அதற்கும் இரண்டு சர்க்காரும் பொறுப்பில்லை.

சாவுக்கு அரங்கநாதனும் வந்தான். வெட்கமில்லாமல் வாய்க்கரிசி போட்டுவிட்டு, சாவைச் சர்க்காருக்குச் சொல்ல விசாரிக்க வந்திருந்த தலையாரி பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

"எப்டிம்மா செத்தான்?" என்று தலையாரி கேட்டார்.

ராமாயி இடுப்பிலிருந்த குழந்தை அமுதம் பசியில் சிணுங்கியது. வாயைத் திறந்தால் நாளைக்கே அந்தண்டை. அங்கே பிள்ளைக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊற்ற ஆளில்லை. அரங்கநாதனை நேராகப் பார்த்தாள்.

"பனமரத்துலேருந்து வுழுந்துட்டாருங்க."

அரங்கநாதன் ஆமாமென்று தலையாட்டினான். முத்துசாமி பிறந்ததிலிருந்து ஒரு பனையும் ஏறியவன் இல்லை. அது தலையாரிக்கும் தெரியும்.