தேசிக்காய்கள் நசுங்காத நாள்

இந்த நாட்டில் பேருந்து முழங்கால் மடிக்கும். தரிப்பிடத்தில் வந்து நின்றதும் ஒரு பெருமூச்சு விட்டு, ஏறுகிறவர்களின் பக்கமாக உடலைச் சாய்த்துத் தாழ்த்தும். முதியவர்களுக்காக, குழந்தை வண்டி தள்ளுகிறவர்களுக்காக. ஜெர்மனியில் இந்தக் கெல்சென்கிர்ச்சன் நகரத்துக்கு வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பெருமூச்சைக் கேட்டதும் என் கால் ஒரு கணம் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. அடியில் ஏதோ உடைந்துவிட்டது என்றே உடல் முதலில் எண்ணுகிறது. பின்னால் நிற்கிற ஜெர்மன்காரர், நான் மரியாதைக்காக வழி விடுகிறேன் என்று நினைத்து "டாங்க" என்று நன்றி சொல்லி முன்னே ஏறிப் போகிறார். என் பயத்தை மரியாதை என்று எண்ணி நன்றி சொல்லிச் சென்றவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர்.

வாகனம் என்றால் எனக்குச் சத்தம்தான். நிறமோ பெயரோ மனத்தில் நிற்பதில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கும் கதவைத் திறக்கும்போதே மூச்சின் சத்தத்தை வைத்து யாருக்கு இன்று சுகமில்லை என்று சொல்லிவிடுவேன். உடன் வேலை செய்பவர்கள் இதைத் திறமை என்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று நான் அவர்களுக்குச் சொன்னதில்லை. போன வாரம் வரை யாருக்குமே சொன்னதில்லை.

இவர், என் கணவர், மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காரைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் எழுபதுகளில் செய்தது. இரண்டு கதவு, நீண்ட மூக்கு, கரும்பச்சை நிறம். மசில் கார் என்பார்கள். பகல் முழுக்கத் தொழிற்சாலையில் ஒரே பொத்தானை அழுத்துகிற மனிதருக்கு, தன் கைக்குப் பணிகிற ஒரு மிருகம் தேவைப்பட்டதாக்கும் என்று விட்டுவிட்டேன். நகரத்தின் வடக்கே டீற்றர் என்ற முதியவர் ஒரு பழைய பட்டறையை வாடகைக்கு வைத்திருந்தார். சுரங்கத்தில் இயந்திரங்கள் திருத்தி ஓய்வு பெற்றவர். அந்தப் பட்டறையின் பாதி இவருடையதாயிற்று. போன குளிர்காலத்தில் காரின் பழைய இஞ்சினைக் கழற்றி, அதைவிட இரண்டு மடங்கு வலுவுள்ள ஒன்றைப் பூட்டினார்கள்.

இஞ்சின் வந்த அன்று டீற்றர் சுவரில் வெண்கட்டியால் ஒரு பட்டியல் எழுதினார். கிளச், கியர்பொக்ஸ், அதிலிருந்து பின்னால் போகும் நீண்ட தண்டு, அதன் மூட்டுகள், சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் பின்புறத்து டிஃபறன்சல், கடைசியாக அங்கிருந்து இரண்டு சில்லுக்கும், அதாவது பின்சக்கரங்களுக்கும், போகிற அக்சில் தண்டுகள். எல்லாமே புதிதாக, தடிப்பாக வேண்டும். "இஞ்சின் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும்," என்றார் என்னிடம். "பின்னால் இருப்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்." நான் தலையாட்டினேன். எனக்கு விளங்காமல் தலையாட்டுகிறேன் என்று அவர் நினைத்து, மறுபடி மெதுவாகச் சொன்னார். டீற்றர், எனக்கு அது பத்தொன்பது வயதிலேயே விளங்கிவிட்டது, என்று மனத்துக்குள் சொன்னேன்.

அந்த வயதில், போர்த் தடையால், யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடையாது. அத்தான், அதாவது அக்காவின் கணவர், தன் பழைய பிரிட்டிஷ் காரின் இஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு, எரிந்துபோன வான் ஒன்றின் டீசல் இஞ்சினை அதற்குள் இறக்கினார். மண்ணெண்ணெயில் சமையல் எண்ணெய் கலந்து ஊற்றினால் ஓடும். பின்னால் வரும் புகையில் வடை மணக்கும். ஊரே பார்க்க வந்தது. இஞ்சின் மட்டும்தான் புதிது. பின்னால் இருந்த தண்டுகள் அந்தக் காரோடு பிறந்தவை. அவற்றுக்கு மாற்று எங்கே தேடுவது? உடையாத ஒன்றைக் கழற்றுகிற வசதி எங்களுக்கு இருக்கவில்லை. நான் பின் இருக்கையில் இருந்தேன். ஒவ்வொரு முறை வண்டி வெளிக்கிடும்போதும் என் இருக்கைக்கடியில் ஒரு சத்தம். டக். யாரோ கதவை ஒரே ஒருமுறை தட்டிவிட்டு நிற்பதுபோல. இரண்டு நாள் கேட்டேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள், சண்டை நெருங்கிவர, ஊர் முழுக்க வெளிக்கிட்டது. மழை. தெருவில் சனம், சைக்கிள், மாடு, தலையில் மூட்டை. வண்டி ஒரு முழம் போகும், நிற்கும், மறுபடி வெளிக்கிடும். ஒவ்வொரு வெளிக்கிடலுக்கும் ஒரு டக். என் பக்கத்தில் அக்கா, எட்டு மாத வயிற்றைப் பிடித்தபடி. பிறகு ஒரு சத்தம் வேறு மாதிரிக் கேட்டது. இஞ்சின் உறுமிற்று, சில்லு அசையவில்லை. அத்தான் மறுபடி மறுபடி மிதித்தார். பின்னால் வந்தவர்கள் காரைத் தள்ளி ஓரத்துச் சேற்றுக்குள் விட்டார்கள். அக்கா நடந்தா. அன்று முழுக்க நடந்தா. இரண்டு நாள் கழித்து ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பிள்ளை பிறந்தது. அது அழவில்லை.

இதுதான் எனக்குள் இருந்த சத்தம். இதோடுதான் நான் பேருந்து ஏறுகிறேன்.

எங்கள் மகள் அபிக்கு இந்த ஆவணியில் கலியாணம். இங்கே பிறந்தவள். சேலையோடும் பூமாலையோடும் அப்பாவின் காரில் வந்து மண்டப வாசலில் இறங்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. மண்டபம் நாற்பது நிமிடத் தூரம், முழுவதும் அவுட்டோபான், வேகத்துக்கென்றே போட்ட நெடுஞ்சாலை. அதற்கு முன் காரைத் தெருவில் ஓடத் தகுதி பார்க்கும் பரிசோதனைக்குக் கொண்டுபோக ஒரு ரெர்மின், முன்பதிவு நேரம், எடுத்திருந்தார்கள். ரெர்மினுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பட்டறை முற்றத்திலேயே காருக்குப் பூசை.

பாகங்களுக்கான எல்லா ஓடரையும் நான்தான் கணினியில் போட்டேன். இவருக்கு ஜெர்மன் எழுத வராது. கிளச் வந்தது, கியர்பொக்ஸ் வந்தது, நீண்ட தண்டு வந்தது. கடைசியாக விசாரித்த அக்சில் தண்டுகளுக்கு விற்பனையாளர் பத்துக் கிழமை, இரண்டரை மாதம், கேட்டிருந்தார். கலியாணத்துக்கு முன் அவ்வளவு காலம் இல்லை. "பிறகு பாப்பம்" என்றார் இவர், அந்த ஓடரை நான் போடவில்லை. ஒரு நாள் பட்டறைச் சுவரைப் பார்த்தேன். பட்டியலின் கடைசி வரியும் வெட்டப்பட்டிருந்தது. அந்தக் கோடு இவர் கை போட்டது.

டீற்றருக்கு ஒரு வரி வெட்டப்பட்டால் அந்த வேலை முடிந்தது என்று பொருள். எங்களுக்கு அப்படியல்ல. "சமாளிப்பம்" என்று மனத்தில் முடிவெடுத்த உடனேயே நாங்கள் வெட்டிவிடுவோம். இப்படி வெட்டி வெட்டித்தான் கடல் கடந்தோம், பழக்கம் விட்டுப்போகவில்லை.

வீட்டில் கேட்டேன். "இஞ்சாருங்கோ, அந்த அக்சில் வரேல்லையெல்லோ. ஏன் வெட்டினனீங்கள்?"

"பழசு தாங்கும். நாங்கள் என்ன, பந்தயமே ஓடப்போறம்?"

"போன ஞாயிறு கூட்டாளிமாருக்குக் காட்டவெண்டு முற்றத்தில ரயரில புகை பறக்க மிதிச்சனீங்கள்."

"உமக்கு ஆர் சொன்னது?"

"உங்கட காற்சட்டை சொன்னது. நான்தானே தோய்க்கிறனான்."

அபி சிரித்தாள். "அம்மா, சும்மா பானிக் பண்ணாதேங்கோ. டீற்றர் எல்லாம் பாத்திருப்பார்." அவள் இந்த நாட்டுப் பிள்ளை. யாரோ பார்த்திருப்பார்கள் என்று நம்பித் தூங்கக்கூடியவள். நான் அவள் மணப்பெண்ணாக அந்தப் பின் இருக்கையில் இருப்பதை எண்ணிப் பார்க்க முயன்றேன். மடியில் மாலை. இருக்கைக்கடியில்...

வெள்ளி பின்னேரம். ஐயர் வந்து கும்பம் வைத்தார். டீற்றர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இவர் காரைப் பட்டறைக்குள்ளிருந்து முற்றத்துக்கு மெதுவாக எடுத்தார். இஞ்சின் அடித்தொண்டையில் முனகிற்று. எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். எனக்கு அதன் கீழே இன்னொன்று கேட்டது.

டக்.

முப்பது வருடம் கழித்து, ஏழு கடல் தாண்டி, அதே தட்டல்.

ஐயர் நாலு சில்லுக்கு முன்னாலும், ஏறி நசுக்கிப் போகவென்று, தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, வைத்தார். டீற்றர் என்னிடம் குனிந்து, "இவ்வளவு கனமான காரை இந்தச் சின்னப் பழங்கள் தடுத்து நிறுத்தா. என்னிடம் நல்ல மரக்கட்டைகள் இருக்கின்றன, கொண்டுவரவா?" என்று கேட்டார். உருளாமல் இருக்க முட்டுக்கொடுக்கிறோம் என்று நினைத்துவிட்டார். வேறொரு நாளில் சிரித்திருப்பேன்.

"இஞ்சாருங்கோ," என்றேன் இவரிடம், ஜன்னலுக்குக் கிட்டப் போய். "பின்னுக்குச் சத்தம் கேக்குது. இதை ஓட்டாதேங்கோ."

"உமக்கு எல்லாத்திலயும் சத்தம்தான். தள்ளி நில்லும்."

"தங்கச்சி, நல்லநேரம் இன்னும் பத்து நிமிசம்தான் கிடக்கு," என்றார் ஐயர், தேங்காயைக் கையில் வைத்தபடி. "உடைக்கிறதோ, வைக்கிறதோ?"

அங்கே நின்ற ஒருவருக்கு மட்டும்தான் இந்தக் காரை நிறுத்தும் பலம் இருந்தது. அவரிடம் சொல்வதென்றால், என் கணவர் அவருடைய சுவரில் பொய்யாக ஒரு கோடு கிழித்தார் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வெட்கத்தை ஒரு வெள்ளைக்காரனுக்கு முன்னால் விரித்துப்போட வேண்டும். பத்தொன்பது வயதில் சிரிப்புக்குப் பயந்தவள் நான். இப்போது இவருடைய முகத்துக்குப் பயந்தேன். ஆனால் எல்லாப் பயமும் ஒரே அளவல்ல.

"டீற்றர், அக்சில் தண்டுகள் மாற்றப்படவில்லை," என்றேன் ஜெர்மனில். "நான் அவற்றை ஓடர் பண்ணவே இல்லை."

டீற்றர் கதவு வழியே பட்டறைச் சுவரைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். இவர் நேரே முன்னால், ஸ்ரியறிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீற்றர் போய்த் திறப்பைத் திருகி இஞ்சினை நிறுத்தினார். வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் காரின் பக்கக் கண்ணாடியில் கொழுவினார். காரைத் தூக்கும் ஜக்கை உருட்டிக்கொண்டு வந்தார்.

பின்புறத்தைத் தூக்கி, டிஃபறன்சலின் மூடியைத் திறந்து எண்ணெயை வடித்தார்கள். இவரும் பக்கத்தில் படுத்து உதவினார். நல்லநேரம் போய்விட்டது. ஐயர் பழைய ரயர் ஒன்றின் மேல் குந்தியிருந்து டீற்றரின் குடுவையிலிருந்து கோப்பி குடித்தார். "எனக்கும் காரில ஒரு சத்தம் இருக்கு," என்றார் என்னிடம் தணிந்த குரலில். "வந்து ஒருக்கால் கேட்டுச் சொல்லுறீரே?"

தண்டை உருவி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார் டீற்றர். அதன் உள்முனையில் நீளவாக்கில் பற்கள் வெட்டியிருந்தார்கள். அவை நேர்கோடாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் எல்லாப் பற்களும் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தன, ஈரத் துணியைப் பிழியத் தொடங்கிய கை பாதியில் நின்றதுபோல. இரும்பு பிழியப்பட்டிருந்தது. அந்தச் சாய்வில் தலைமயிர் அளவில் ஒரு வெடிப்பு. டீற்றர் நகத்தால் தடவிக் காட்டினார். "இந்த வகைக் காரில் இது உடைந்தால் சில்லும் தண்டோடு வெளியே வந்துவிடும்," என்றார். "நூறு கிலோமீற்றரில் உடையும், அல்லது நூறு மீற்றரில். எனக்குத் தெரியாது."

இவர் தண்டைக் கையில் வாங்கினார். சீமெந்துத் தரையில் அப்படியே இருந்துவிட்டார். "பிள்ளையை நான் இதிலயே..." என்றவர் அந்த வசனத்தை இன்றுவரை முடிக்கவில்லை. பிறகு எழும்பிப் போய், எண்ணெய்க் கையாலேயே சுவரில் இருந்த கடைசிக் கோட்டை அழித்தார். நாலு தேசிக்காயும் வைத்த இடத்திலேயே முழுசாகக் கிடந்தன. பொறுக்கிக் கைப்பைக்குள் போட்டேன்.

அபி கலியாணத்துக்கு டீற்றரின் பழைய டீசல் கொம்பியில், பின்பக்கம் நீண்ட குடும்பக் காரில், போனாள். அவரே ஓட்டினார். புறப்படுமுன் கீழே இறங்கி என்னைத் தேடி வந்து, "முட்டுக்கொடுக்கிற பழங்கள் எங்கே?" என்று கேட்டார், மிகவும் பொறுப்பாக. வைத்தேன். நாலும் நசுங்கின. மணம் தெருவெல்லாம் பரவிற்று. புரட்டாசியில் புதிய தண்டுகள் வந்தன. காரும் பரிசோதனையில் தேறிற்று. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் என்னை ஏற்றிக்கொண்டு போகிறார். வெளிக்கிடும்போது ரேடியோவைத் தானே நிறுத்துகிறார். என் முகத்தைப் பார்த்து, "சரியோ?" என்று கேட்ட பிறகுதான் இரண்டாம் கியர்.

பழைய தண்டு எங்கள் பல்கணி மூலையில் சாத்தியிருக்கிறது. எறிய மனம் வரவில்லை. போன கிழமை கனடாவிலிருந்து அக்கா கைத்தொலைபேசி வீடியோவில் கதைக்கும்போது அதைக் கண்டுவிட்டா. "அதென்னடி இரும்பு?" என்று கேட்டா. சொல்லத் தொடங்கினேன். தண்டைப் பற்றிச் சொல்லப்போய், அந்த மழையைப் பற்றி, அந்தப் பின் இருக்கையைப் பற்றி, இரண்டு நாள் கேட்டும் சொல்லாமல் விட்டதைப் பற்றி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்தபின் திரையைப் பார்க்கப் பயமாக இருந்தது.

பார்த்தபோது அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தா.

"நானும் கேட்டனான்டி," என்றா. "வயித்தில பிள்ளையோட இருந்த எனக்குக் கேளாமலே போகும்? அவர் பாவம், கையெல்லாம் புண்ணாகப் பூட்டின இஞ்சின் எண்டு பேசாமல் இருந்திட்டன்."

நாங்கள் இருவரும் ஒரே காரின் பின் இருக்கையில், தோளோடு தோள் உரச, ஒரே சத்தத்தை ஆளாளுக்கு ஒளித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். இத்தனை வருடமாக. தண்டைத் திருப்பிப் பார்த்தேன். இஞ்சின் பிடித்த முனை முறுகித் திரும்பியிருக்கிறது. சில்லுப் பிடித்த முனை, பூட்டிய நாளில் இருந்ததுபோலவே நேராக இருக்கிறது.

கீழே தரிப்பிடத்தில் பேருந்து வந்து பெருமூச்சு விட்டது. நான் திடுக்கிட்டேன். திரையில், இன்னும் விடியாத கனடாவில், அக்காவும் திடுக்கிட்டா.

"என்னடி உடைஞ்சது?"

"ஒண்டும் உடையேல்லை, அக்கா. பஸ் குனியுது."

சொல்லிவிட்டு, கைத்தொலைபேசியில் அக்காவோடு, எழும்பிப் போய் பல்கணியிலிருந்து கீழே எட்டிப் பார்த்தேன்.