மயிலாஞ்சியில் ஏறிய உப்பு

ஷௌகத் அலியைப் போலப் பயந்த மனுஷனை மட்டாஞ்சேரியில் நான் பார்த்ததில்லை. எதிர்க்கரை வைப்பினுக்குப் படகேறினால் கரை சேரும்வரை கம்பியை விடமாட்டார். வீட்டில் மிக்ஸி சுவிட்சை மனைவி சகீலாதான் போட வேண்டும். அரிசிக் கிட்டங்கியில் எடை போடுகிற வேலை. அங்கே எலிப் பாஷாணம் வைத்தால் அன்று முழுக்க ஒரு வாய் சாயாகூடக் குடிக்க மாட்டார். நாங்கள் கேலி செய்வோம். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார், பயம் மட்டும் குறையாது.

அப்படிப்பட்டவர் பள்ளிவாசல் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்றது எங்களுக்கே ஆச்சரியம். இறந்தவர்களை அடக்குகிற கபர்ஸ்தானில் புல் மண்டிவிட்டது, களைக்கொல்லி அடித்துவிடலாம் என்று முடிவாகிக்கொண்டிருந்த நேரம்.

"மருந்து வேண்டா. நானே பறிச்சுக்கறேன்," என்றார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பள்ளிவாசலில் கபருக்குக் கல் நடுகிற வழக்கம் இல்லை, தலைமாட்டில் மருதாணிக் கொம்பு ஊன்றுவோம். மயிலாஞ்சி என்போம். நாலு வயதில் காய்ச்சலில் போன மகள் நௌஷிதாவுக்கு அவர் ஊன்றிய கொம்பு பத்து வருஷத்தில் செடியாகிவிட்டது. பெண்கள் இங்கே கபர்ஸ்தானுக்குள் போவதில்லை. சகீலா ரோட்டில் நின்று இரும்புக் கேட்டின் கம்பி வழியாக அந்தச் செடியைத்தான் பார்ப்பார். "என் தோள் வரைக்கும் வந்துட்டா," என்பார். அந்தத் தாய்க்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

ஷௌகத் அலி சொன்னபடி செய்தார். மழை பெய்து மண் இளகிய மறுநாள் புல்லை வேரோடு பிடுங்குவார். பிடுங்கிய இடத்தைக் கிட்டங்கியின் கிழிந்த சாக்குகளால் மூடுவார். வெளிச்சம் இல்லாமல் மிச்சப் புல் வெளுத்துச் செத்தது. நடைபாதைதான் வம்பு செய்தது. ஜனாஸாப் பெட்டியைச் சுமந்து வருகிறவர்களுக்குச் சாக்கில் கால் வழுக்கும் என்பதால் அங்கே மூட முடியாது. கல்லிடுக்கில் கோரை பிடுங்கப் பிடுங்க வந்தது.

போனில் ஒரு வீடியோ அதற்கு வழி சொன்னது. கொதிக்கிற தண்ணீரில் கல்லுப்பும் வினிகரும் கலந்து ஊற்ற வேண்டும். விஷமில்லை, நாம் தின்கிற உப்புதானே என்று நினைத்தார். அரைச் சாக்கு உப்பைக் கரைத்து ஊற்றினார். கோரை கருகியது. அன்று சாயங்காலமே கோடை மழை கொட்டித் தீர்த்தது. பாதை மேட்டில் இருக்கிறது, பிள்ளைகளின் கபர் வரிசை அதற்குக் கீழே பள்ளத்தில்.

அடுத்த வாரம் மயிலாஞ்சியின் இலை நுனி பழுத்திருந்தது. இரண்டு நாளில் கீழ்க்கிளையின் இலைகள் உதிர்ந்தன. உப்பு மழைத் தண்ணீரோடு பள்ளத்தில் இறங்கி மண்ணில் தங்கிவிடும் என்று அப்புறம்தான் யாரோ சொன்னார்கள். பெற்ற மகளின் தலைமாட்டில் தன் கையாலேயே ஊற்றிய மாதிரிதான். இதை சகீலாவிடம் எப்படிச் சொல்வது? அன்று முதல் படகும் சுவிட்சும் அவரைப் பயமுறுத்தவில்லை, இந்த ஒரு பயமே போதுமாக இருந்தது.

சகீலாவை அந்தப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொண்டார். ரோடு வெட்டிப் போட்டிருக்கிறது என்று பொய் சொல்லி ஆட்டோவைச் சுற்றி விடச் சொன்னார். வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து வரும்போது சகீலா கேட்பார்: "பிள்ளை எப்படி இருக்கா?"

"இருக்கா," என்பார். அதோடு தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை சகீலா கேட்கவில்லை. கேட்காதது அவரை இன்னும் பயமுறுத்தியது. சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இக்கா," என்றார் சகீலா, "நான் நேத்தே போய்ப் பாத்தேன். ஒரு எலைகூட இல்ல. யாரோ மருந்து அடிச்சிருக்காங்க. சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு சொல்லல."

"மருந்து இல்ல. நான்தான். பாதையில உப்புத் தண்ணி ஊத்துனேன். மழையில எறங்கிடுச்சு."

ஷௌகத் அலி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சகீலா கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். சகீலா எழுந்துபோய் அடுக்களையிலிருந்து இரண்டு குடங்களை எடுத்துவந்தார்.

"உப்புன்னா நல்ல தண்ணி ஊத்துனா போகுமல்லே," என்று சொன்னார். "எந்திரிங்க."

ஆளுக்கொரு குடத்துடன் போனார்கள். கேட்டுக்கு முன்னால் சகீலா நிற்கவில்லை, உள்ளே போய்விட்டார். பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் குழாயடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குக் கமிட்டியில் என்ன பேசுவார்களோ என்று ஷௌகத் அலி பயந்தார். ஆனாலும் மனைவியை அவர் தடுக்கவில்லை. மோதினார் குழாயைத் திறந்துவிட்டு நகர்ந்தார்.

மொட்டைக் கொம்பின் அடியில் முதல் குடத்தை ஊற்றியதும் சகீலா குனிந்து மண்ணைப் பார்த்தார்.

"பிள்ளையோட கால் எதுவரைக்கும் வரும்?"

ஷௌகத் அலி கையை நீட்டிக் காட்டினார். ரொம்பக் கொஞ்ச தூரம்தான். அந்த இடம் மிதிபடாமல் சகீலா சுற்றிப் போய் அடுத்த குடத்தைப் பிடித்துவந்தார்.